இருபத்திரெண்டாம் நம்பர் வளையம்

மினி பஸ்ஸு கெளம்பி அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள நின்னுட்டு. ஆவுடைத்தாய் சன்னலுக்கு வெளிய தலைய நீட்டிப் பாத்தா. ஒருத்தன் வாழைத்தாரு ஏத்துதான். ஏத்தட்டும், அவனுக்கும் வயிறு இருக்கு, ஆனா ஒரு தாரை ஏத்த ஒம்பது தடவ மேலயும் கீழயும் பாக்கணுமா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி. மடியில இருந்த மஞ்சப்பைய அமுக்கிப் பாத்தா. ரெண்டு குறடு இருக்கு. தைல டப்பா இருக்கு. டப்பாவுக்குள்ள வளையம் கெடந்து கிலுகிலுங்குது. எல்லாம் இருக்கு, பஸ்ஸுதான் போவல. மணி பத்து. பத்தரைக்கு மேல காது குத்துன்னு, முன்ன அடுத்த வீட்டுல இருந்த கோமு சொன்னா. மலையடிவாரத்துல சாஸ்தா கோயிலு, அங்க போன் எடுக்காது, எட்டு தடவ அடிச்சாச்சு, எட்டு தடவையும் ஒரு பொம்பள வந்து தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு நிதானமாச் சொல்லுதா, அவளுக்கென்ன, அவ பிள்ளைக்கா காது குத்து. கோமு பிள்ளைக்கு எட்டு மாசம். இடுப்புல வெள்ளி அரைஞாண். அரைஞாண்ல ஏழு தொங்கல், ஒவ்வொண்ணும் நிலக்கடலைப் பருப்பு தண்டி. மீனு, சாவி, யானை, மாங்கா, மணி, இலை, பிறை நிலா. ஏழையும் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கது ஏழு சின்ன வளையம். அந்த ஏழையும் போட்டது ஆவுடை. போட்டது தப்பான வளையம். எட்டு மாசப் பிள்ளைக்கு ஒலகத்துல இருக்கது ஒரே ஒரு சோலி, கைக்கு ஆப்பிட்டதைப் பிடிச்சு இழு, இழுத்ததை வாயில போடு. வாயில போட்டா அடுத்தாப்புல தொண்டை. தொண்டைக்கு அடுத்தாப்புல. அதுக்கு அடுத்தாப்புல நெனைக்க வேண்டாம்னு ஆவுடை வாழைத்தாரை எண்ண ஆரம்பிச்சா. ஏழாவது தாருல எண்ணிக்கை நின்னு போச்சு, ஏன்னா ஏழுன்னு வந்துட்டுல்லா.

காலம்பற எந்திரிக்கிற வரைக்கும் இது தெரியாது. எந்திரிச்சு, பல்லு வெளக்கி, காப்பியும் கையுமா வாசல்ல நிக்கா. கோமு பிள்ளைக்குச் செஞ்ச மாதிரியே இன்னொண்ணு செஞ்சு, செய்யச் சொல்லி வாரவங்க பாக்கட்டும்னு துணி காயுற கொடியில தொங்க விட்டிருந்தா. வீட்டு ஆட்டுக்குட்டி அது பாட்டுக்கு வந்துச்சு. மோந்து பாத்துச்சு. மீனைக் கவ்வுச்சு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீனு கேக்குதோ ஒனக்குன்னு இவ சிரிச்சுட்டுத்தான் இருந்தா. குட்டி தலைய ஒரு வெட்டு வெட்டுச்சு, அம்புட்டுத்தான், பெருசா ஒண்ணும் இழுக்கல, சேலை முந்தானைய இழுக்கிற இழுப்புகூட இல்ல, வளையம் கொட்டாவி விட்ட மாதிரி வாயப் பொளந்துட்டு. மீனு ஆட்டு வாய்க்குள்ள. ரெண்டு சவை சவைச்சுட்டு, ருசி இல்லன்னு துப்பிட்டுப் போயிட்டு. ஆவுடை சிரிப்பு பாதியில நின்னுச்சு, தண்ணி நின்ன கொழா மாதிரி. ஆடு துப்பிட்டு. ஆட்டுக்கு அந்த விவரம் இருக்கு. பிள்ள துப்புமா. காப்பிய அப்டியே படியில வச்சுட்டு உள்ள ஓடி, கம்பி, வளையம், மணியெல்லாம் விக்கிற அண்ணாச்சிக்குப் போனைப் போட்டா.

"அண்ணாச்சி, நல்ல கெட்டியா இருக்கட்டும்னு இருபத்திரெண்டாம் நம்பரு வாங்குனேன். ஆட்டுக்குட்டி பிச்சு எடுத்துட்டு."

"கெட்டி வேணும்னா இருபத்திரெண்டு எதுக்கும்மா கேட்ட. கம்பில நம்பரு ஏற ஏறக் கம்பி எளைச்சுக்கிட்டே போவும். பதினெட்டுதான் தடி. இருபத்திரெண்டு சும்மா தலைமுடி."

"அதை அன்னைக்கே சொல்லக் கூடாதா."

"நீ வந்து கேட்ட தோரணையப் பாத்து நான் வாயத் தொறக்கலம்மா. பெரிய ஆர்டருக்கு என்னமோ கணக்கு வச்சிருக்கன்னு நெனச்சேன்."

தோரணை. ஆமா, தோரணையாத்தான் கேட்டா. நெனச்சா இப்ப காது சுடுது. எப்பவும் பதினெட்டுதான் வாங்குவா. ரெண்டு வருஷமா பதினெட்டு, ஒருத்தரும் ஒரு கொறை சொன்னதில்ல, ஒரு தொங்கல் விழுந்ததில்ல. கோமு பிள்ளைக்குன்னு வந்தப்பதான் மனசு கேக்கல. ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் போடுற பதினெட்டையா கோமு பிள்ளைக்கும் போடுறது. இன்னும் ஒசத்தியா வேணும். பவுனுல என்ன சொல்லுதாங்க, பதினெட்டு மட்டம், இருபத்திரெண்டு ஒசத்தி, கல்யாண வீட்டுல நகையத் தூக்கிப் பிடிச்சு இருபத்திரெண்டாக்கும்னு சொல்லும்போதே அந்தப் பொம்பளைக்குக் கழுத்து ரெண்டு அங்குலம் நீளுது. அப்ப கம்பிலயும் அப்டித்தானே. மூணாங் கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு பெரிய நம்பரு பெரிசுதான், சின்ன நம்பரு சின்னதுதான். நம்பரு பெருசாவப் பெருசாவச் சாமான் சின்னதாவும்னு எந்த வாத்தியாரு சொல்லிக் குடுத்தான். போய் நின்னு, அண்ணாச்சி, இந்தத் தடவ இருபத்திரெண்டு குடுங்க, வேண்டப்பட்ட பிள்ளைக்குன்னு கேட்டா. கையில வாங்குனப்ப சன்னமாத்தான் இருந்துச்சு. விரலு சொல்லுச்சு. இருவது வருஷம் பீடி சுத்துன விரலு, ஒரு தூள் கூடுனாலும் கொறஞ்சாலும் சொல்லிப்புடும், அது சொல்லுச்சு, ஏட்டி ஆவுடை, இது நோஞ்சானா இருக்குன்னு. இவ விரலைப் பாத்து, சும்மா கெட, ஒசந்த சாமான் அப்டித்தான் நைசா இருக்கும், பட்டுச்சேலை சாக்கு மாதிரியா இருக்குன்னு அடக்கிட்டா. தன் விரலு பேச்சைக் கேக்காத பொம்பளைக்கு ஆட்டுக்குட்டி வந்து புத்தி சொல்ல வேண்டியிருக்கு. அந்த ஆட்டுக்கு ஒரு கும்பிடு. அது மட்டும் இன்னைக்கு வராம நாளைக்கு வந்திருந்தா.

"என்ன ஆவுடக்கா, குறடும் கையுமா. யாருக்குப் பல்லு பிடுங்கப் போறீக?"

கண்டக்டர் பலவேசம். பை வாயி தொறந்து குறடு மூக்கை நீட்டிட்டிருக்கு. வாயி அது பாட்டுக்குப் பதில் சொல்லுது.

"ஒனக்குத்தான். கடைவாயில ஒண்ணு ஆடுதுன்னு ஒம் பொண்டாட்டி சொல்லி விட்டா. பேசுறது கொஞ்சம் கொறையுமாம்."

"எனக்குப் பிடுங்குனா டிக்கெட்டு யாரு குடுப்பா."

"டிரைவரை எறக்கி விடு, அவரு குடுப்பாரு, நான் ஓட்டுதேன். இந்நேரம் கோயிலுக்குப் போயிச் சேந்திருக்கும் வண்டி."

பஸ்ஸே சிரிச்சுச்சு. பலவேசம் விசிலை ஊதுனான், வண்டி நகந்துச்சு. அவனுக்கும் ஒரு கும்பிடு. கேலி பேசுற பொம்பளன்னு பேரு எடுத்துட்டா ஒரு வசதி, உள்ளுக்குள்ள என்ன எரிஞ்சாலும் ஒருத்தனும் வந்து பொகையுதேன்னு கேக்க மாட்டான். கோமு மட்டும் கேப்பா. கோமு எப்பவும் கேப்பா. அடுத்த வீட்டுல குடியிருந்தப்ப, செவுத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்தே, எக்கா, இன்னைக்கு இருமல் சத்தம் ஒரு மாதிரி இருக்கே, ஆஸ்பத்திரிக்குப் போனீகளான்னு கேப்பா. இருமல்ல என்னட்டி ஒரு மாதிரி, ராகமா பாடுதேன்னு இவ சொல்லுவா. அவ சிரிக்க மாட்டா. வம்பா இழுத்துட்டுப் போய்ட்டா ஒரு நாளு. டாக்டரு நெஞ்சுல கொழாய வச்சுக் கேட்டுட்டு, இனிமே புகையிலைத் தூளு பக்கம் போவாதீங்கன்னுட்டாரு. பீடித்தட்டைக் கவுத்தி வச்சுட்டு, வெறுங்கையோட ஒரு மாசம் உக்காந்திருந்தா ஆவுடை. விரலுக்கு வேலை இல்லாம போனா விரலு என்ன செய்யும் தெரியுமா, சேலை நுனியச் சுத்தும். சேலை நுனியெல்லாம் பீடியாச் சுத்தி வச்சிருப்பா. அதைப் பாத்துட்டுத்தான் கோமு பெட்டிக்குள்ள கெடந்த ஒரு அந்துபோன கைச்சங்கிலியக் கொண்டு வந்தா, காலேசுல படிக்கையில வாங்குனதாம், அதுல சின்னச் சின்னதா பொம்மை தொங்குது, பாதி விழுந்துட்டு. இதை மாட்டித் தாங்கக்கா. மாட்டிக் குடுத்தா. அழகா இருக்குக்கான்னு கோமு அதை போட்டோ எடுத்து போனுல ஸ்டேட்டஸ் வச்சா. மறுநாளு ரெண்டு பிள்ளைக வாசல்ல நின்னுச்சு, எங்களுக்கும் வேணும்னு. அம்புட்டுத்தான் கதை. அந்தச் சங்கிலி உண்மையிலயே அந்து போயிருந்துச்சா, இல்ல கோமுவே பிச்சுக் கொண்டு வந்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் இவளுக்குச் சந்தேகம். கேக்கல. சில நல்லதை நோண்டிப் பாக்கக் கூடாது, நோண்டுனா நன்றி சொல்ல வேண்டி வந்துரும், இவளுக்கு நன்றி சொல்ல வராது, வாயி கேலிக்குத்தான் பழகியிருக்கு.

அப்பேர்ப்பட்டவ பிள்ளைக்கு. நாலு வருஷம் காத்துக் கெடந்து பெத்த பிள்ளைக்கு. பேரு தக்‌ஷிதா. அந்தப் பேரு ஆவுடை வாயில நுழையாது, தச்சின்னு ஆரம்பிச்சு தச்சநல்லூருக்குப் போயிரும். ஏட்டி, வாயில நுழையுற மாதிரி ஒரு பேரு வைக்கக் கூடாதான்னு கேட்டதுக்கு, நீங்க எப்டிக் கூப்பிட்டாலும் அவ திரும்புவாக்கான்னு கோமு சொன்னா. திரும்பவும் செஞ்சா. புதங்கிழமை அரைஞாண் வாங்க வந்தப்ப, ஏ தச்சநல்லூருன்னு கூப்பிட்டா, ரெண்டே ரெண்டு பல்லை வச்சுக்கிட்டுச் சிரிக்கா. அந்த ரெண்டு பல்லு. வாயில போட்டு நறநறன்னு கடிக்கணும்னு ஊறுற பல்லு. புதங்கிழமையே இவ தோள்ல கெடந்து தாலிச்சரட்டைக் கடிச்சா, கண்ணாடி வளையலைக் கடிச்சா, இவ தாடையக் கடிச்சா, எச்சி வடிஞ்சு கழுத்தெல்லாம் ஈரம். அந்த எச்சி ஈரம் இப்பவும் கழுத்துல இருக்க மாதிரி இருக்கு. தொட்டுப் பாத்தா. வேர்வை.

சாவிதான் மோசம். மீனு வழவழன்னு இருக்கும், போனாலும் வழுக்கிட்டுப் போயிரும். யானை உருண்டை. சாவிக்கு நுனியில பல்லு வெட்டியிருக்கு. அந்தச் சாவிய எடுத்தது யாரு, இவதான், கோமு பூவு போதும்னா, இவதான் சாவி இருக்கட்டும், நாளைக்கு எந்தக் கதவா இருந்தாலும் அவளே தொறந்துக்கிடட்டும்னு பெருசா வசனம் பேசுனா. பேசாம பூவு போட்டிருக்கலாம். பூவுக்கும் இதழ் இருக்கு. அப்ப எதைத்தான் போடுறது, தண்ணியவா தொங்க விட முடியும். தொங்கல் மேல தப்பு இல்ல. வளையம். எல்லாம் வளையம். எம்புட்டு அழகான யானையாவும் இருக்கட்டும், அதைத் தூக்கிட்டு நிக்கது ஒரு சோத்துப் பருக்கை தண்டிகூட இல்லாத வளையம்தான். அதை யாரும் பாக்க மாட்டாங்க. யானை நல்லாருக்கும்பாங்க. வளையம் நல்லாருக்குன்னு ஒருத்தி இதுவரைக்கும் சொன்னதில்ல. வளையம் நல்லாருந்தா அது இருக்கதே தெரியாது. கோமு மாதிரின்னு நெனச்சா, நெனச்சதும் கண்ணு கரிச்சுச்சு, சே, பஸ்ஸுல ஒரே தூசி.

ஒருவேளை வளையம் தொறக்காமயும் இருக்கலாம். மாட்டும்போது சரியாத்தான் மாட்டுனா. வளையத்தைத் தொறக்கதுல ரெண்டு விதம் இருக்கு. வாயப் பொளக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் இழுத்துத் தொறந்தா வட்டம் செத்துப் போயிரும், திரும்ப அது கூடவே கூடாது. கதவைத் தொறக்கிற மாதிரித் தொறக்கணும், ஒரு குறடு அசையாம பிடிச்சுக்கணும், இன்னொரு குறடு ஒரு முனைய முன்னால தள்ளணும். மூடையிலயும் அப்டித்தான், கொஞ்சம் தாண்டிப் போயி, திரும்பி வந்து, முனையும் முனையும் உரசி டிக்குன்னு ஒரு சத்தம். சத்தம்னா காதுல கேக்காது, விரலுல கேக்கும். அப்பொறம் தலையில இருந்து ஒரு முடியப் பிடுங்கி அந்தச் சந்துல வச்சு இழுத்துப் பாக்கணும். முடி நுழைஞ்சா வளையம் சரியில்ல. புதங்கிழமை ஏழு முடி பிடுங்குனா. ஏழுலயும் நுழையல. அப்ப சரிதானே. அதே மாதிரிதானே மாதிரிக்குச் செஞ்சதையும் மாட்டுனா, அதுலயும் முடி நுழையலையே, ஆடு நுழைஞ்சிட்டே. எம்புட்டு நல்லா மூடுனாலும் எலும்பு இல்லாதவனால நிமுந்து நிக்க முடியுமா. ஆசாரிகிட்டக் குடுத்து அந்தச் சந்துல பத்தவச்சு ஒட்டியிருக்கலாம். அவரு பொடி வச்சு ஒரு ஊது ஊதிக் குடுப்பாரு, அது சாவுற வரைக்கும் தொறக்காது. எதுக்கு, அதான் இருபத்திரெண்டு போட்டாச்சேன்னு இவளுக்குத் திமிரு.

அப்பதான் எதுத்தாப்புல ஒரு ஆட்டோ வந்துச்சு. வேகம்னா அப்டி ஒரு வேகம், விடாம ஆரன் அடிச்சிக்கிட்டு. ரோடு சின்னது, பஸ்ஸு ஒதுங்குச்சு, ஆட்டோ சன்னலை ஒட்டிப் போச்சு. உள்ள ரெண்டு பொம்பளைக. ஒருத்தி தலைய மடியில கவுத்தி வச்சிருந்தா. மடியில என்ன இருந்துச்சு. பச்சைச் சேலை. கோமுட்டப் பச்சைச் சேலை இருக்கா. எல்லார்ட்டயும் பச்சைச் சேலை இருக்கு, இவகிட்டயே மூணு இருக்கு. காது குத்துக்குப் பச்சை கட்டுவாளா. மாம்பழக் கலரு எடுத்தேன்னு சொன்ன மாதிரி இருக்கு. இல்ல, அது அவ நாத்தனாருக்கு எடுத்ததா. ஆட்டோ போன தூசி அடங்கல. அந்த ரோட்டுல கோயிலு மட்டுமா இருக்கு, மூணு ஊரு இருக்கு, மூணு ஊருலயும் ஆளுகளுக்குத் தலைவலி வரும், பொம்பளைக மடியில தலைய வைப்பாங்க, காரணம் இல்லாம ஆரன் அடிக்கிறவன்தான் ஆட்டோக்காரன். மடியில என்ன இருந்துச்சு. எறங்கி அந்தப் பக்கம் ஓடவா, இல்ல இந்தப் பக்கமே போவவா. எறங்கி ஓடுனா ஆட்டோவப் பிடிக்க முடியுமா, இவ ஓடி எத்தனை வருஷமாச்சு. எந்திரிச்சுட்டா. கம்பியப் பிடிச்சா. மறுபடி உக்காந்தா.

"என்னக்கா, எறங்கணுமா?" பக்கத்துல பூக்கூடையோட இருந்த பொம்பள.

"இல்லம்மா. சீட்டு சூடா இருக்கு, ஆத்திக்கிட்டேன்."

அந்தப் பொம்பள சிரிச்சுட்டு, கூடைக்குள்ள கைய விட்டு ஒரு மொழம் மல்லிகையக் கிள்ளி நீட்டுனா. "வைங்க. வெறுந்தலையா இருக்கீக."

வெறுந்தலையாவா இருக்கோம். ஆமா, தலை சீவல. சேலையும் வீட்டுல கட்டுற சேலை. கோமு கூப்பிட்டப்ப வாரேன்னுதான் சொன்னா, மனசுக்குள்ள வர வேண்டாம்னு வச்சிருந்தா. அது அவங்க வகையறா கோயிலு. அவங்க ஆளுக, அவங்க மொறை, மொத மாலை யாருக்கு, ரெண்டாவது பொங்கலு யாருக்குன்னு அதுலயே அடிச்சுக்கிடுவாங்க, நடுவுல நாம போயி எந்தத் தூணுல சாயுறது. அரைஞாண் போவட்டும் நமக்குப் பதிலான்னு குடுத்து விட்டா. இப்ப தலை சீவாம, காலுல அந்துபோன செருப்போட, கையில குறடோட போயி நிக்கப் போறா. என்ன சொல்லுறது. பாலிஷ் போட மறந்துட்டேன், குடுங்க, அஞ்சு நிமிஷம்னு சொல்லலாம். இல்ல, ஒரு தொங்கல் திருப்பி மாட்டியிருக்கு, நல்ல நாளுல ஆகாதுன்னு சொல்லலாம். இவளுக்குப் பொய்யா வராது. அருவி மாதிரி வரும். ஒரு ஓரமா உக்காந்து ஏழையும் மாத்திட்டு, பொங்கச்சோத்தை வாங்கிட்டு, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாம பஸ்ஸேறிறலாம். பிள்ள நல்லா இருந்தா. அந்த ஒரு வார்த்தைதான் ஒவ்வொரு பொய்யிலயும் வந்து கொக்கி போட்டு நிக்குது. பிள்ள நல்லா இருந்தா.

இவ மவன் சுப்பையா ரெண்டு வயசுல சட்டைப் பொத்தானை முழுங்கிட்டான். மூணு நாளு. மூணு நாளும் இவளும் இவ புருசனும் ஒரு குச்சிய வச்சுக்கிட்டு அவன் பின்னாலயே அலைஞ்சாங்க. புருசன் பேசாத மனுசன், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதுல ரெண்டு சோறு, கொழம்பு. மூணாம் நாளு காலம்பற தோட்டத்துல இருந்துக்கிட்டு, பொத்தான் வந்துட்டுன்னு ஒரு சத்தம் போட்டாரு, கல்யாணத்தன்னைக்குக்கூட அந்தச் சத்தம் போடல. இப்ப சுப்பையா திருப்பூருல சட்டை தைக்கான். முழுங்குன பொத்தானுக்குக் கணக்கு தீக்கான்னு இவ ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பா. அன்னைக்குச் சிரிக்கல. அன்னைக்கு ராப்பகலா அவன் மூச்சு விடுறதைப் பாத்துக்கிட்டே இருந்தா. வயிறு ஏறும், எறங்கும். எறங்குன வயிறு திரும்ப ஏறுற வரைக்கும் ஒரு யுகம். அந்த யுகத்தை இன்னொருத்திக்குக் குடுக்கக் கூடாது. சாஸ்தாவே, ஒனக்கும் எனக்கும் பழக்கம் இல்ல, நான் ஒன் வகையறா இல்ல, ஒன் பேருகூட முழுசாத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டக் கேக்கது லேசு. தெரியாதவன்கிட்டக் கேக்கேன் பாரு, அதுல இருந்தே தெரிஞ்சுக்கோ.

பூவைத் தலையில வச்சா. பூக்காரப் பொம்பளைக்கு ஒரு கும்பிடு. ஒரு பொழுதுக்குள்ள எத்தனை பேருக்குக் கும்பிடு போடுறது, கை வலிக்கும் போல.

"சாஸ்தா கோயிலு ஸ்டாப்பு. ஆவுடக்கா, எறங்குங்க, பல்லு ஆடுறவங்க வரிசையில நிக்காங்க."

ஆவுடை பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எறங்குனா. பலவேசம் ஒரு மாதிரியாப் பாத்தான்.

புளியமரத்தைத் தாண்டும்போதே பிள்ள அழுவுற சத்தம். கொழாய் ரேடியோ, கொட்டு, பொங்கல் பொகை, அதுக்கு மேல ஏறி வந்து கேக்குது. அழுதா மூச்சு இருக்கு. மூச்சு இருக்கு. மூச்சு இருக்கு. வகையறா தூணு ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல, ஆளுகளத் தள்ளிக்கிட்டுப் போயி நின்னா. தாய்மாமன் மடியில பிள்ள, காதுல ரத்தப்பொட்டு, ஆகாசம் மாதிரி வாயத் தொறந்து அழுவுது. ஆவுடை காதைப் பாக்கல, முகத்தைப் பாக்கல, வாய்க்குள்ளதான் பாத்தா. ரெண்டு பல்லு. நாக்கு. வேற ஒண்ணும் இல்ல. அப்பொறம் இடுப்பைப் பாத்தா. மீனு, சாவி, யானை, மாங்கா, மணி, இலை. மறுபடி எண்ணுனா. மீனு, சாவி, யானை, மாங்கா, மணி, இலை. ஆறு.

"எக்கா, வந்துட்டீகளா." கோமு. மாம்பழக் கலரு சேலை. மூஞ்செல்லாம் சிரிப்பு. ஆவுடை கைய நீட்டி இடுப்பைக் காட்டுனா. அருவி மாதிரிப் பொய்யி வருமே, ஒரு சொட்டு வரல, உண்மையும் வரல. கோமு அந்தக் கையப் பிடிச்சு மரத்துக்குப் பின்னால இழுத்துட்டுப் போனா. முந்தானை முடிச்சை அவுத்தா. உள்ள பிறை நிலா.

"நேத்து குளிப்பாட்டையில தண்ணிக்குள்ள கெடந்துச்சுக்கா. மத்ததையும் பாத்தேன், ரெண்டு வளையம் லேசா வாயத் தொறந்துட்டு இருந்துச்சு. எல்லாத்துலயும் பட்டன் தைக்கிற நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டுட்டேன். இழுத்து இழுத்துப் பாத்தாச்சு, வராது."

"கழத்தி வச்சிருக்கலாம்லாட்டி."

"காது குத்துக்கு நீங்க போட்டதுதான் கெடக்கணும்னு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா எப்டி இருப்பீகன்னு தெரியும்லா. இந்தா இருக்கீகளே, இப்டித்தான்." கோமு இவ கன்னத்தைத் தொடச்சு விட்டா. அப்பத்தான் கன்னம் நனைஞ்சிருக்கது இவளுக்கே தெரிஞ்சுச்சு. "யாருட்டயும் சொல்லல, ஆறுதான்னு நெனச்சிட்டிருக்காங்க. எங்க அத்தை ஆளுக்கெல்லாம் காட்டிக் காட்டிப் பெருமை பேசுதாங்க, நாலு பேரு வேணும்னு கேட்டாச்சு. நீங்க ஒண்ணும் சொல்லிக்கிடாதீக."

கோமு மாமியா அதுக்குள்ள பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அங்க வந்தாச்சு. ஆத்தாடி, கழுத்துல எம்புட்டு பவுனு, எல்லாம் இருபத்திரெண்டுதான். "நீதான் செஞ்சியா. நல்லாருக்கு. எம் மவ வயித்துப் பேரனுக்கும் ஒண்ணு செஞ்சு குடு."

கோமு இவ கையக் கிள்ளுனா. ஆவுடை மாமியாவப் பாத்தா, கோமுவப் பாத்தா. இவளுக்காக ஒரு நாளு பூரா நிலாவ முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கா. அதுக்கு மேலயும் அவ சொமக்கணுமா.

"செஞ்சு தாரேன் யம்மா. மொதல்ல இதைச் சரி பண்ணிக்கிடுதேன். ஒடிசலான வளையத்தைக் கெட்டின்னு நெனச்சுப் போட்டுட்டேன், புத்தி கெட்டு. ஒண்ணு அந்து விழுந்துட்டு. ஒங்க மருமவ பாத்து நூலு போட்டு வச்சிருக்கா. அவ பாக்கலன்னா பிள்ள முழுங்கியிருக்கும்."

மாமியா சாவியப் பிடிச்சுத் திருப்பி, நூலு முடிச்சைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தா. ஆவுடை தலைய நிமித்தல. பின்னாலயே வந்த பொம்பளைகளும் எட்டிப் பாத்தாங்க.

"அப்ப எதுக்கு நின்னுக்கிட்டிருக்க," மாமியா சொன்னா. "உக்காரு. நெழல்ல வேண்டாம், வெளிச்சத்துல உக்காரு. ஏ யாருலே அங்க, அந்தச் சமுக்காளத்தை எடுத்து இங்க விரி."

சாஸ்தாவுக்கு நேரா சமுக்காளம் விரிச்சாங்க. கோமு பிள்ளையத் தூக்கி இவ மடியில விட்டா. ஆவுடை நூலை வெட்டுனா, கோமு முடிச்சு ஒவ்வொண்ணும் சின்னதா, இறுக்கமா, வெட்டவே மனசு வரல. தைல டப்பாவத் தொறந்து பதினெட்டை எடுத்தா. கதவைத் தொறக்கிற மாதிரித் தொறந்தா. விரலுக்கு அதோட வேலை தெரியும். டிக். மீனு. டிக். சாவி. ஏழாவதா நிலா. ஏழு முடி பிடுங்கி இழுத்துப் பாத்தா. கோமு மாமியாவும் குனிஞ்சு பாத்தா, அந்தம்மா தன் தலையில இருந்தும் ஒண்ணைப் பிடுங்கி ஆவுடை கையில குடுத்தா, நரைமுடி, இன்னும் சன்னம், இதையும் விட்டுப் பாருன்னு. அதுவும் நுழையல.

பிள்ள அழுகைய நிறுத்திட்டு நிலாவப் பாத்துச்சு. கைக்கு ஆப்பிட்டுட்டு. பிடிச்சு இழுத்துச்சு.

"இழு தாயி," ஆவுடை சொன்னா. "இன்னும் நல்லா இழு."

மூஞ்சி செவக்க, ரெண்டு கையும் போட்டு இழுத்துச்சு. அரைஞாணே மேல தூக்கிட்டு வந்துச்சு, வளையம் வரல. பாத்துச்சு, யோசிச்சுச்சு, காலை மடக்கி, உடம்பை வளைச்சு, நிலாவ வாய்க்குக் கொண்டு போயிட்டு. ஒரு பொம்பள பதறிக் கைய நீட்டுனா, எடுத்து விடுங்க, எடுத்து விடுங்கன்னு. ஆவுடை அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டா.

"விடுங்க. கடிக்கட்டும்."

ரெண்டு பல்லையும் வச்சு நறநறன்னு கடிச்சுச்சு. எச்சி ஒழுகி இவ மடியெல்லாம் நனைஞ்சுச்சு. ஆவுடை வளையத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.